சக்கரத்துக்கு ஊற்றிய தண்ணீர்

"சக்கரத்துல தண்ணி ஏதாவது ஊத்துவீங்களா ஐயா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"ஆமாங்க. எப்பவும் ஊத்துவோமே" என்றார் அப்பா.

காலையில் பல் துலக்குவீர்களா என்று கேட்டால் எப்படிப் பதில் சொல்வாரோ அப்படிச் சொன்னார். கொஞ்சம் பெருமையும் இருந்தது. அந்தப் பெண் கையிலிருந்த டேப்லெட்டில் எதையோ தட்டினாள். பிறகு நிம்மதியாக நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவளுக்கு எதற்கு நிம்மதி என்று எனக்கு உடனே பிடிபடவில்லை. பிடிபட்டபோது எங்கள் பக்கம் ஏற்கெனவே தோற்றிருந்தது.

கள்ளக்குறிச்சியில் நாங்கள் கார் வாங்கிய ஷோரூமுக்குப் பின்புறம்தான் அதன் சர்வீஸ் சென்டர். கண்ணாடிக் கதவைத் தள்ளும்போதே அப்பாவிடம் சொல்லியிருந்தேன். "நீ ஒண்ணும் பேசாதப்பா. நான் பேசிக்கிறேன்." அவரும் தலையை ஆட்டினார். ஆனால் அந்த சர்வீஸ் அட்வைசர் பெண் என்னைக் கேட்கவில்லை, அவரைக் கேட்டாள். ஒருவர் மரியாதையாக ஒன்றைக் கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க அப்பாவுக்கு வராது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய் முழுசாகப் படித்து வெளியே வந்த முதல் ஆள் நான். இதை அடக்கமாகச் சொல்ல நான் பழகவில்லை. கல்வராயன் மலையில் சாமையும் கேழ்வரகும் விதைக்கிற வீட்டிலிருந்து கிளம்பி, விடுதியில் தங்கிப் படித்து, இன்று கள்ளக்குறிச்சியில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் ரத்தம் பரிசோதிக்கிறேன். மலையில் யாருக்காவது ரேஷன் கார்டில் பிழை, ஆதாரில் பிழை என்றால் என்னைத்தான் தேடுவார்கள். நான் போய் நின்றால் வேலை நடக்கும். அந்தக் கார் என் பெயரில்தான் இருக்கிறது. அது மலைக்கு ஏறிய முதல் நாள் எங்கள் தெருவில் ஆரத்தி எடுத்தார்கள். எனக்கு ஓட்டத் தெரியாது, அப்பாதான் ஓட்டுவார்.

அப்பா ஜீப் டிரைவர். பஸ் சரியாக வராத காலத்தில் மலைக்கும் கச்சிராயபாளையத்துக்கும் நடுவே ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றி இறக்கினவர். பிரசவ வலி எடுத்தாலும் பாம்பு கடித்தாலும் அவரைத்தான் எழுப்புவார்கள். இப்போது பஸ் வருகிறது, வீட்டுக்கு வீடு பைக் இருக்கிறது, ஜீப்பை யாரும் கூப்பிடுவதில்லை. அதை விற்ற பிறகு அப்பா என் காரைத் துடைத்துக்கொண்டே நாளைக் கடத்தினார். அந்தச் சமயத்தில்தான் மலையில் இருக்கும் ஒரு விடுதிப் பள்ளியின் தாளாளர், பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேனுக்கு அவரைக் கேட்டார். அப்பா ஒரு வாரம் தரையில் நடக்கவில்லை. மாமன் வீடு, சித்தப்பன் வீடு, டீக்கடை, எல்லா இடத்திலும் சொல்லி முடித்தார். அதற்குள் விபத்து நடந்துவிட்டது.

தாளாளர் கெட்டவர் இல்லை. "வண்டி சொவத்துல இடிச்சிடுச்சுன்னு கேள்விப்பட்டேன். யாரு தப்புன்னு தெரியாம என்னால பிள்ளைங்கள ஏத்தி அனுப்ப முடியாதுங்க. கம்பெனிக்காரங்க ஒரு வார்த்த சொல்லட்டும், அப்புறம் பாப்போம்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நாங்கள் அங்கே போயிருந்தோம். தப்பு டிரைவர் மேல் இல்லை என்று அவர்கள் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

ஆனால் அப்பா "எப்பவும் ஊத்துவோமே" என்று சொல்லிவிட்டார்.

தண்ணீர் விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மலைப்பாதை முடிந்து சமதரை தொடங்குகிற இடத்தில் பாறையைத் துளைத்துக்கொண்டு ஒரு சுனை கசிகிறது. பக்கத்தில் மஞ்சள் பூசிய ஒரு கல். மலையிலிருந்து இறங்குகிற வண்டி எதுவாக இருந்தாலும் அங்கே நிற்கும். டிரைவர் இறங்கி, கேனில் தண்ணீர் பிடித்து, நான்கு சக்கரத்துக்கும் ஊற்றுவார். பிறகு தன் காலைக் கழுவிக்கொண்டு கல்லைத் தொட்டுக் கும்பிடுவார். முன்பு மாட்டுவண்டியில் புளியும் கடுக்காயும் இறக்கிய காலத்தில் மாடுகளுக்கு அங்கேதான் தண்ணீர் காட்டி, குளம்பைக் கழுவிவிடுவார்களாம். மாடு போய் ஜீப் வந்தது. தண்ணீர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. பிரேக் பிடித்துப் பிடித்துக் கொதித்துப்போன சக்கரத்தில் தண்ணீர் பட்டதும் சுர்ரென்று சத்தம் வரும், வெள்ளையாக ஆவி எழும். சின்ன வயதில் அந்த ஆவியில் முகம் காட்ட நாங்கள் அடித்துக்கொள்வோம். அந்தச் சத்தம் கேட்டால்தான் வண்டி நல்லபடியாக இறங்கிவிட்டது என்று அர்த்தம். ஜீப்பில் இருப்பவர்கள் அதைக் கேட்ட பிறகுதான் வெற்றிலையை எடுப்பார்கள்.

கொதிக்கிற இரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் இரும்பு கோணிப்போகும் என்று அந்த அட்வைசர் பெண் எனக்கு விளக்கினாள். அவளுக்கு என் வயதுதான் இருக்கும். "ஜீப்புல டிரம் பிரேக் மேடம், தாங்கும். இதுல முன்னாடி டிஸ்க். தட்டு மாதிரி இருக்கும். சூட்டோட தண்ணி பட்டா வளைஞ்சிடும். வளைஞ்ச டிஸ்க்குல பிரேக் புடிச்சா பெடல் ஒதைக்கும். உங்களுக்கு நடந்தது அதுதான். மலைக்காரங்க வண்டி எல்லாமே இப்படித்தான் மேடம் வரும்."

கடைசி வரி எனக்குச் சுட்டது. "மலைக்காரங்கன்னா?" என்றேன்.

"இல்ல மேடம், நான் தப்பா சொல்லல…"

"எங்க மலையில தண்ணி ஊத்துன வண்டி ஒண்ணுகூட கவுந்தது கெடையாது. தெரியுமா?"

இப்படி ஒரு வாக்கியத்தை நான் ஏன் சொன்னேன் என்று இன்றும் தெரியவில்லை. அது உண்மையா என்றும் தெரியாது. தண்ணீர் ஊற்றுவது சரியா என்று அதற்கு முன் ஒரு நாளும் நான் யோசித்ததில்லை. ஆனால் அந்த நிமிடம் அது எங்கள் குலதெய்வத்தின் கட்டளைபோல என் வாயில் வந்தது. அப்பாகூட என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"இன்னாங்க பண்ணலாம் இப்ப?" என்று அவளிடமே கேட்டார் அப்பா, பிள்ளையின் மார்க்கைப் பற்றி டீச்சரிடம் விசாரிப்பதுபோல.

"மேனேஜர் வந்ததும் பேசலாம் ஐயா. டிரைவிங் முறையால வந்த பாதிப்புன்னு போட்டிருக்கேன்."

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தோம். என் கோபம் யார்மேல் என்று எனக்கே விளங்கவில்லை. "உன்ன யாருப்பா பேசச் சொன்னது?" என்றேன்.

"கேட்டுதே அந்தப் பொண்ணு."

"கேட்டா சொல்லிடுவியா?"

"ஊத்துனத ஊத்தலன்னா சொல்லுவாங்க?" என்றவர் கொஞ்ச தூரம் போய், "ஊத்துறது தப்பாம்மா?" என்று கேட்டார். நான் வேகமாக முன்னால் நடந்தேன்.

நடந்தது இதுதான். பிரேக் பிடித்தால் முன் சக்கரத்திலிருந்து கிறீச்சென்று சத்தம் வந்துகொண்டிருந்தது. அதற்காக வண்டியை சர்வீஸில் விட்டோம். முன்பக்கம் இரண்டு சக்கரத்துக்கும் பிரேக் பேடை மாற்றிக் கொடுத்தார்கள். அன்றே அம்மாவையும் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போனோம். அம்மா கண் பரிசோதனைக்கு வந்திருந்தாள். மறுவாரம் கண்ணாடி வாங்க அவளைக் கூட்டிக்கொண்டு இறங்கினோம். பாதி மலை இறங்கியிருப்போம். ஒரு வளைவில் அப்பா பிரேக்கை மிதித்ததும் ஸ்டியரிங் நடுங்கியது. அடுத்த வளைவில் வண்டி முழுக்க நடுங்கியது. "காலுக்கடியில குதிர ஒதைக்கிற மாதிரி ஒதைக்குதே" என்றார். அடுத்து வண்டி ஒரு பக்கமாக இழுக்கத் தொடங்கியது, பள்ளத்தின் பக்கமாக. அப்பா கியரைக் குறைத்து, முழு பலத்தோடு திருப்பி, மலைச்சுவர்ப் பக்கம் இருந்த வடிகாலில் சக்கரத்தை இறக்கி, சுவரில் உரசி நிறுத்தினார். அம்மாவின் நெற்றி முன் சீட்டில் மோதி வீங்கியது. பின் சீட்டில் எங்கள் நடுவில் வைத்திருந்த பலாப்பழம் உருண்டு என் மடிக்கு வந்தது. அப்பா திரும்பி எங்கள் இருவரையும் பார்த்தார். பிறகு அம்மா, "பழம் ஒடையலயே?" என்று கேட்டாள்.

என் குழப்பம் இங்கிருந்துதான் ஆரம்பம். தண்ணீர் எத்தனையோ மாதமாக ஊற்றுகிறோம். வண்டி வாங்கியதிலிருந்தே ஊற்றுகிறோம். அப்போதெல்லாம் பெடல் உதைக்கவில்லை. அவர்கள் சக்கரத்தைக் கழற்றி மாட்டிய பிறகுதான் உதைத்தது. ஆகவே தப்பு அவர்களுடையது. ஆனால் தண்ணீரால் அது கொஞ்சம் கொஞ்சமாக வளைந்துகொண்டே வந்து, அன்றைக்குத்தான் எல்லை தாண்டியது என்றால்? அப்படியானால் தப்பு எங்களுடையது. அப்படி வளைந்திருந்தால் பேட் மாற்றும்போது அவர்கள் கண்ணில் பட்டிருக்குமே? பட்டும் சொல்லவில்லை என்றால் தப்பு மறுபடியும் அவர்களுடையது. வளையவே இல்லை, அதனால்தான் தெரியவில்லை என்றால், ஒரே வாரத்தில் எப்படி வளைந்தது? அந்த வாரத்தில் நாங்கள் ஏறினோம், பிறகு இறங்கினோம். இறங்கும்போது சுனை வரைக்கும் போகவே இல்லை. அப்படியானால் ஏறும்போது அப்பா தண்ணீர் ஊற்றினாரா?

எல்லாம் இந்த ஒரு கேள்வியில் வந்து நின்றது. ஏறும்போது ஊற்ற வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் சுனையில் நின்றால் கை சும்மா இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனதும் கேட்டேன். அப்பா வாசலில் உட்கார்ந்து பீர்க்கங்கொடிக்குக் குச்சி சீவிக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு ஏறும்போது சொனையில நின்னமே, தண்ணி ஊத்துனியா?"

"நின்னம். ஊத்தல."

"ஊத்துனாரு" என்று உள்ளேயிருந்து அம்மா குரல் வந்தது. "எஞ்சீலையில தெறிச்சுதே."

"அது போன மாசம்."

"போன மாசம் நான் எங்க வந்தேன் உன்கூட? களை எடுத்துக்கினு இருந்தேன்."

"அப்ப அதுக்கு முந்தின மாசம்."

"தோ பாரு, அதுக்கு முந்தின மாசம் போடறாரு. இன்னும் கொஞ்சம் உட்டா கல்யாணத்தன்னிக்கு ஊத்துனதுன்னு சொல்லுவாரு." அம்மா வெளியே வந்தாள். நெற்றி வீக்கம் பச்சையாகியிருந்தது. "புதுசா கண்ணு டெஸ்ட் பண்ணிக்கினு வந்தவ நானு. நான் பாத்தேன். ஊத்துனாரு."

"கண்ணுல மருந்து ஊத்தி மங்கலா தெரியுதுன்னு வழியெல்லாம் பொலம்பிக்கினு வந்தவளும் நீதான்" என்றார் அப்பா.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். "நீ சொல்லும்மா. நீயும்தான் வண்டியில இருந்த."

நான் இருந்தேன். ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தேன். சுர்ரென்ற சத்தம் கேட்டதுபோலவும் இருக்கிறது. ஆனால் அந்தச் சத்தத்தை நான் பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். எந்த நாள் கேட்டது எது என்று எப்படிப் பிரிப்பது?

"ஒருத்தரும் கேக்கல, எந்தலைக்கு யாரு பொறுப்புன்னு" என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போனாள்.

அப்பா குச்சியைச் சீவுவதை நிறுத்திவிட்டார். "நெசமாவே எனக்கு நெனப்பு இல்லம்மா. ஊத்தலன்னுதான் தோணுது. ஊத்தியிருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிருக்காது. கை அதும்பாட்டுக்கு ஊத்தும்" என்றார். பிறகு மெதுவாக, "அந்த வேனு எனக்கு வராதுபோல" என்றார். கார்ச் சாவி தொங்குகிற ஆணியை அவர் பார்க்காமலே இருந்ததை நான் கவனித்தேன். கார்தான் சர்வீஸில் கிடக்கிறதே, சாவியும் அங்கேதான் இருந்தது. வெறும் ஆணியைத்தான் அவர் பார்க்காமல் இருந்தார்.

அடுத்த முறை மேனேஜர் இருக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு நான் தனியாகப் போனேன். மருத்துவமனை அடையாள அட்டையைக் கழற்றாமல் கழுத்திலேயே போட்டுக்கொண்டு போனேன். மேனேஜர் தணிந்த குரலில் பேசுகிறவர். டீ வரவழைத்தார். "உங்க வருத்தம் புரியுது மேடம்" என்று நான் வாய் திறப்பதற்கு முன்பே சொன்னார். மேஜைமேல் செய்தித்தாள் விரித்து, அதன்மேல் எங்கள் வண்டியின் டிஸ்க்கை வைத்திருந்தார். பளபளவென்று ஒரு தட்டு. நடுவில் ஓட்டை. அந்த அட்வைசர் பெண் சுவரோரமாக நின்றாள்.

"பாருங்க, வளைஞ்சிருக்கு" என்றார்.

நான் பார்த்தேன். குனிந்து, கண்ணை மேஜை மட்டத்துக்கு இறக்கிப் பார்த்தேன். எனக்கு நேராகத்தான் தெரிந்தது.

"கண்ணுக்குத் தெரியாது மேடம். தலமுடி அளவு. கருவியில வெச்சாத்தான் காட்டும். வெச்சுப் பாத்துட்டோம்."

"சரி. பேட் மாத்துன அன்னிக்கும் கருவியில வெச்சுப் பாத்தீங்களா?"

"பேட் மாத்துற வேலைக்கு அது கெடையாது மேடம். மாட்டிட்டு ஓட்டிப் பாப்போம். சத்தம் இல்லன்னா டெலிவரி."

"அப்ப அன்னிக்கு அது நேரா இருந்துச்சா, வளைஞ்சிருந்துச்சா?"

அவர் டீயை எடுத்துக் குடித்தார். "நேராத்தான் இருந்திருக்கணும்."

"இருந்திருக்கணுமா, இருந்துச்சா?"

ஆய்வகத்தில் இது எனக்குப் பழகிய விஷயம். மருந்துக்குப் பின் எடுத்த ரத்தம் கையில் இருக்கிறது, மருந்துக்கு முன் எடுத்தது இல்லை என்றால், மருந்து என்ன செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அங்கே அப்படி வந்தால் நான் மறுபடி எடுத்துவரச் சொல்வேன். இங்கே யாரைப் போய், போன மாதத்து டிஸ்க்கைக் கொண்டுவா என்று கேட்பது?

"ஓட்டிப் பாப்போம்னீங்களே, அன்னிக்கு எங்க ஓட்டிப் பாத்தீங்க?"

"இங்கதான். பைபாஸ் வரைக்கும் போய்த் திரும்புவாங்க."

"அது சமதரை. மலைக்குப் போற வண்டின்னு நான் சொல்லித்தான் உட்டேன்."

"அப்படி எதுவும் எங்க பதிவுல இல்லையே" என்று மேனேஜர் கணினித் திரையை என் பக்கம் திருப்பத் தொடங்கினார்.

"சொன்னாங்க சார்" என்று சுவரோரத்திலிருந்து குரல் வந்தது. "மலை எறங்குற வண்டி, பிரேக்க நல்லா பாருங்கன்னு சொன்னாங்க. நான்தான் அதுல போடல."

மேனேஜர் திரையைப் பாதியில் நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். அன்றைக்கு அப்பா "எப்பவும் ஊத்துவோமே" என்று சொன்னபோது நான் அவரைப் பார்த்த அதே பார்வை. எனக்கு வென்றுவிட்ட மாதிரி இருந்தது. கூடவே அந்தப் பெண்ணை நினைத்துப் பயமாகவும் இருந்தது. ஒரே சமயத்தில் இரண்டும் எப்படி வரும் என்று தெரியவில்லை, வந்தது.

மேனேஜர் திரையைத் தன் பக்கமே திருப்பிவிட்டுச் சொன்னார்: "நீங்க செலவே பண்ண வேணாம் மேடம். புது டிஸ்க், புது பேட், சொவத்துல ஒரசுன பெயின்ட், எல்லாம் நாங்களே செஞ்சு குடுத்துடறோம். நல்லெண்ணத்துக்காக."

"நல்லெண்ணம் வேணாம் சார். தப்பு டிரைவர் மேல இல்லன்னு சொல்லுங்க. அது போதும்."

"அத நான் சொல்ல முடியாது மேடம். சொன்னா தப்பு எங்களோடதுன்னு ஆயிடும்."

"அப்ப ஏன் சும்மா செஞ்சு தர்றீங்க?"

"நல்லெண்ணம்னு சொன்னேனே."

"தப்பு எங்கப்பாவோடதுன்னு சொல்றீங்களா அப்ப?"

"அதயும் நான் சொல்லல."

"எழுதியிருக்கீங்களே, டிரைவிங் முறையால வந்த பாதிப்புன்னு."

அவர் அந்தப் பெண்ணைப் பார்த்துத் தலையசைத்தார். "அத எடுத்துடச் சொல்றேன்."

எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? தப்பு அவர்களுடையது இல்லை, எங்களுடையதும் இல்லை. ஆனால் தட்டு வளைந்திருக்கிறது, அம்மாவின் நெற்றி வீங்கியிருக்கிறது. இது எனக்குக் கிடைத்த வெற்றியா, என்னைச் சமாளித்து அனுப்புகிறார்களா? நான் யோசிக்கவில்லை. கைபேசியை எடுத்துத் தாளாளரைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரைப் போட்டு, மேஜைமேல் டிஸ்க்குக்குப் பக்கத்தில் வைத்தேன். "நீங்களே அவருகிட்ட பேசுங்க சார். இன்னா சொல்ல முடியுமோ அத சொல்லுங்க."

மேனேஜருக்கு என்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் குரல் மாறவில்லை. தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். "வண்டியில பிரேக் கோளாறு வந்துச்சு சார். அவரு ஓட்டுனதுல குறை சொல்ல ஒண்ணுமில்ல. பள்ளத்துப் பக்கம் இழுத்த வண்டிய சொவத்துப் பக்கம் திருப்பி நிறுத்தியிருக்காரு. அது எல்லா டிரைவருக்கும் வராது."

என் கண் கலங்கிவிட்டது. பேச்சு அதோடு நின்றிருக்கலாம்.

"ரொம்ப சந்தோஷம். கோளாறு எதனால வந்துச்சுன்னு கண்டுபுடிச்சீங்களா?" என்று தாளாளர் கேட்டார்.

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். "அது… பல காரணம் இருக்கலாம் சார்" என்றார்.

தாளாளர், "சரிங்க. டிரைவர என்னை வந்து பாக்கச் சொல்லுங்க" என்று சொல்லி லைனைத் துண்டித்தார்.

நான் படியிறங்கும்போது அந்த அட்வைசர் பெண் பின்னாலேயே வந்தாள்.

"மேடம், அன்னிக்கு மலைக்காரங்கன்னு சொன்னது மனசுல வெச்சுக்காதீங்க. எங்கூரு மணலூர்பேட்ட. எங்கப்பா கரும்பு லோடு டிராக்டர் ஓட்டுறாரு. அவரும் ஆலைக்குப் போற வழியில ஆத்துத் தண்ணிய மொண்டு டயருக்கு ஊத்துவாரு. கேட்டா, அதுவும் ஒழைக்குது இல்ல, சூடு ஆற வேணாமான்னு கேப்பாரு. அதனாலதான் அந்தக் கேள்வி என் வாயில வந்துச்சு."

"உங்க மேனேஜர் திட்டுனாரா?"

"இனிமேதான்" என்று சிரித்தாள்.

"நீங்க நெஜமா இன்னா நெனைக்கிறீங்க? தண்ணியா, வேலையா?"

அவள் யோசித்தாள். "சக்கரத்த மாட்டுறப்ப போல்ட்ட ஒரே சீரா முறுக்கலன்னாலும் டிஸ்க் கோணும் மேடம். அன்னிக்கு நெறைய வண்டி நின்னுச்சு. அவசரமா மாட்டியிருந்தா அப்படி ஆகியிருக்கலாம். தண்ணியாலயும் ஆகியிருக்கலாம். தெரில மேடம். சத்தியமா தெரில."

இன்னொரு காரணம் சேர்ந்ததுதான் மிச்சம்.

அப்பா தாளாளரைப் பார்க்கப் போன அன்று நானும் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். வழியெல்லாம் அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். வண்டியில கோளாறு வந்துச்சுன்னு கம்பெனியே சொல்லிட்டாங்கன்னு மட்டும் சொல்லு, தண்ணியப் பத்தி வாயே தொறக்காத. அவர் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை நம்பக் கூடாது என்று எனக்கு அதற்குள் தெரிந்திருந்தது.

பள்ளி மைதானத்தில் மஞ்சள் வேன் நின்றது. விடுமுறை என்பதால் பிள்ளைகள் யாரும் இல்லை. தாளாளர் வேனின் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"நீங்க இன்னா நெனைக்கிறீங்க?" என்றார் அப்பாவிடம். "எதனால ஆச்சு?"

நான் அப்பாவின் முழங்கையைத் தொட்டேன்.

"தண்ணி ஊத்துனதால இருக்கலாம்ங்க" என்றார் அப்பா. "அவங்க மாட்டுனதால இருக்கலாம். ரெண்டுத்தாலயும்கூட இருக்கலாம். எம்பொண்ணு படிச்சவ, அதுக்கே தெரில. எனக்கு எங்கங்க தெரியும்? இனிமே ஊத்தக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன்."

தாளாளர் எழுந்து வேனைச் சுற்றிவந்தார். என்னால் அவர் முகத்தைப் படிக்க முடியவில்லை. சாவியை எடுத்து அப்பாவிடம் நீட்டினார். "அடிவாரம் வரைக்கும் போய்ட்டு வருவோம். நான் பின்னால உக்காந்துக்கிறேன், பிள்ளைங்க எடத்துல."

நானும் ஏறிக்கொண்டேன். அப்பா ஓட்டினார். விபத்து நடந்த வளைவில் மலைச்சுவரில் எங்கள் காரின் பெயின்ட் இன்னும் ஒட்டியிருந்தது. அதைத் தாண்டும்போது தாளாளர் திரும்பிப் பார்த்தார். கீழ் கியரிலேயே வண்டி முனகிக்கொண்டு இறங்கியது. பிரேக்கை அவர் எவ்வளவு குறைவாகத் தொடுகிறார் என்று அன்றைக்குத்தான் கவனித்தேன். இவ்வளவு குறைவாகத் தொடுகிறவரின் சக்கரம் தட்டு வளைகிற அளவுக்குக் கொதிக்குமா? அல்லது விபத்துக்குப் பிறகுதான் இப்படி ஓட்டுகிறாரா? என்னால் அதையும் பிரிக்க முடியவில்லை.

சுனை வந்தது. அப்பா வேனை ஓரம் கட்டினார். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. இறங்கினார். பாறைமேல் யாரோ விட்டுப்போயிருந்த கேனை எடுத்துத் தண்ணீர் பிடித்தார். முன் சக்கரத்துக்கு வந்தார். கேனைச் சரித்தார்.

நான் ஜன்னலைப் பிடித்துக்கொண்டேன். தாளாளரும் தலையை வெளியே நீட்டியிருந்தார்.

கேனின் விளிம்புவரை வந்த தண்ணீர் அங்கேயே நின்றது. அப்பா அதை நிமிர்த்திக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாதவர்போலச் சாலையைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். பிறகு சக்கரத்திலிருந்து நான்கடி தள்ளிப் போய், முழுக் கேனையும் தன் கால்களின் மேலேயே ஊற்றிக்கொண்டார்.

"கெளம்பலாங்களா?" என்றார் தாளாளர்.

"கொஞ்சம் ஆறட்டுங்க."

நின்றோம். ஒரு பஸ் இறங்கி வந்து நின்று, அதன் டிரைவர் எல்லாச் சக்கரத்துக்கும் சுர் சுர்ரென்று ஊற்றிவிட்டு, "இன்னாண்ணா, வண்டி ரிப்பேரா?" என்று அப்பாவைக் கேட்டுவிட்டுப் போனார். ஆவி எங்கள் வேன்வரை வந்தது. அப்பா அந்த பஸ்ஸின் சக்கரங்களைக் கண்ணைவிட்டு மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நடுக்கமும் இல்லாமல் அது கச்சிராயபாளையம் பக்கம் போனது.

"பள்ளிக்கூடம் தொறக்குற அன்னிக்குக் காலையில வந்துடுங்க" என்று தாளாளர் ஜன்னல் வழியாகச் சொன்னார். "இங்க நிக்கிறதுக்கும் சேத்து நேரம் போட்டுக்கலாம்."

அப்பா தலையை ஆட்டினார். அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த சந்தோஷம் முழுசாக வரவில்லை. சத்தம் கேட்காததால், வண்டி நல்லபடியாக இறங்கிவிட்டதா என்று அவருக்கு இன்னும் நிச்சயமில்லை. குனிந்து உட்கார்ந்து, முன் சக்கரத்தின் பக்கத்தில் உள்ளங்கையை விரித்து நீட்டினார். தொடவில்லை. காய்ச்சலா இல்லையா என்று பார்ப்பதுபோல அப்படியே வைத்திருந்தார்.

"ஆறிடுச்சா?" என்று கேட்டேன்.

"தெரிலம்மா" என்றார். கையை எடுக்கவில்லை.